எக்மொன்ட், ஓபஸ் 84: ஓவர்ச்சரோடு நிறுத்தாமல் நாடகத்தோடு சேர்த்து வாசிக்க என்னென்ன வேண்டும்?

அரங்கவாசி

பீத்தோவனின் ‘எக்மொன்ட்’ என்றாலே எல்லோரும் எட்டு நிமிட ஓவர்ச்சரை, அதாவது தொடக்க இசையைத்தான் பேசுகிறார்கள். ஸ்பானிய ஆட்சியில் தலை வெட்டப்படும் நெதர்லாந்துப் பிரபு எக்மொன்ட்டைப் பற்றிய கதேயின் துன்பியல் நாடகத்துக்காக அவர் எழுதியது அதோடு முடியவில்லை. எக்மொன்ட்டின் காதலி கிளேர்ஷனுக்கு இரண்டு பாட்டு, அங்கங்களுக்கு நடுவே நான்கு இடையிசை, கிளேர்ஷனின் மரணம், வசனத்தோடு சேர்ந்து போகும் மெலோடிராமா, கடைசியில் வெற்றி சிம்பொனி என்று இன்னும் ஒன்பது இருக்கின்றன. நாடகத்தை ஐந்து அங்கமாகவே மேடையேற்றி இவை அத்தனையையும் அதனதன் இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால் எத்தனை பேர் வேண்டும், எங்கே சிக்கும், எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது? வாசிப்பவர்களும் மேடைப்பக்கம் வேலை செய்பவர்களும் சொன்னால் நல்லது.

நாலாம்ஹார்ன்

முதலில் ஆள் கணக்கு. புல்லாங்குழல் 2 (இரண்டாமவர் பிக்கோலோவும் எடுப்பார்), ஓபோ 2, கிளாரினெட் 2, பாசூன் 2, ஹார்ன் 4, டிரம்பெட் 2, டிம்பனி (சுருதி சேர்க்கும் முரசு). ஆக 15 பேர். டிராம்போன் கிடையாது. தந்தியில் 8-6-4-4-2 (முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, பாஸ்) வைத்தால் 24, மொத்தம் 39. இதற்குக் கீழே இறங்கினால் நான்கு ஹார்னுக்கு எதிரே வயலின்கள் காணாமல் போகும்.

"ஹார்ன் இரண்டு போதாதா" என்று தயாரிப்பாளர் கட்டாயம் கேட்பார். போதாது. ஓவர்ச்சரில் இரண்டு ஹார்ன் எஃப்-இல், இரண்டு ஈ-ஃப்ளாட்டில். அந்தக் காலத்து ஹார்னுக்கு வால்வு கிடையாது. மாட்டியிருக்கும் குழாயின் இயல்பான சுரங்கள் மட்டும்தான் திறந்து ஒலிக்கும். எஃப் ஹார்ன் எஃப், ஏ, சி கொடுக்கும். ஈ-ஃப்ளாட் ஹார்ன் ஈ-ஃப்ளாட், ஜி, பி-ஃப்ளாட் கொடுக்கும். எஃப் மைனரில் தொடங்கி ஏ-ஃப்ளாட், டி-ஃப்ளாட் என்று சுற்றி எஃப் மேஜரில் முடிகிற படைப்புக்கு ஒரு ஜோடி போதாது என்றுதான் இரண்டு ஜோடி வைத்தார். ஒரு ஜோடியை எடுத்துவிட்டால் பாதிச் சுரங்கள் வாத்தியமில்லாமல் நிற்கும்.

இன்றைய வால்வு ஹார்னில் இது வெறும் சுரமாற்றம்தான்: ஈ-ஃப்ளாட் பார்ட்டை (அந்த வாத்தியத்துக்கான இசைத்தாளை) எஃப் ஹார்னில் ஒரு முழுச்சுரம் இறக்கி வாசிக்க வேண்டும். டிரம்பெட் பார்ட் எஃப்-இல் இருக்கிறது. பி-ஃப்ளாட் டிரம்பெட்டில் எழுதியதற்கு ஐந்தாம் சுரம் மேலே, சி டிரம்பெட்டில் நான்காம் சுரம் மேலே. பழக்கமில்லாதவர்களுக்கு மாற்றியெழுதிய பார்ட்டை முதல் ஒத்திகைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒத்திகை நடுவில் கணக்குப் போட்டால் மொத்தக் குழுவும் காத்திருக்கும்.

பழம்பதிப்பு

ஸ்கோர், பார்ட் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஓவர்ச்சருக்கு எண் இல்லை. ‘எண் 1’ என்றால் கிளேர்ஷனின் முதல் பாட்டு. ஆனால் சில பட்டியல்களிலும் ஒலித்தட்டு உறைகளிலும் ஓவர்ச்சரை 1 என்று வைத்து மொத்தம் 10 என்பார்கள். "ஏழிலிருந்து எடுப்போம்" என்று நடத்துநர் சொன்னால் பாதிப் பேர் கிளேர்ஷனின் மரணத்தைத் திறப்பார்கள், மீதிப் பேர் நான்காம் இடையிசையைத் திறப்பார்கள். மேடைக் குழுவின் க்யூ புத்தகத்திலும் இந்தக் குழப்பம் போகும். எண்ணை விட்டுவிட்டுப் பெயராலேயே அழைப்பது நல்லது.

இன்னொன்று, ‘எக்மொன்ட் பார்ட் தொகுப்பு’ என்று வாங்கினால் ஓவர்ச்சர் மட்டும் வரும். முழுத் தொகுப்பா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பிரைட்கோப் அண்ட் ஹேர்ட்டல் முதலில் வெளியிட்டபோதே இப்படித்தான்: ஓவர்ச்சர் 1810இன் கடைசியில், மற்றவை 1812இல். அன்று பிரிந்தது இன்னும் சேரவில்லை.

வரிசை இது:

ஓவர்ச்சர்
எண் 1: பாட்டு, ‘டி ட்ரோமெல் கெர்யூரெட்’ (முதல் அங்கத்துக்குள்)
எண் 2: முதல் இடையிசை, ஆண்டாந்தே, பிறகு அலெக்ரோ கான் பிரியோ
எண் 3: இரண்டாம் இடையிசை, லார்கெட்டோ
எண் 4: பாட்டு, ‘ஃப்ராய்ட்ஃபோல் உண்ட் லைட்ஃபோல்’ (மூன்றாம் அங்கத்துக்குள்)
எண் 5: மூன்றாம் இடையிசை, அலெக்ரோ, பிறகு அணிவகுப்பு
எண் 6: நான்காம் இடையிசை, மூன்று வேகம்
எண் 7: கிளேர்ஷனின் மரணம், லார்கெட்டோ
எண் 8: மெலோடிராமா
எண் 9: வெற்றி சிம்பொனி

மொத்தம் சுமார் 40 நிமிடம்.

திரைமறைவு

மேடைப்பக்கமிருந்து சொல்கிறேன். இந்த இசையை ‘நாடகத்துக்கு நடுவே வரும் பாட்டு’ மாதிரி நினைத்தால் தோற்றுப்போவீர்கள். இடையிசை ஒவ்வொன்றும் முடிந்த அங்கத்தை ஒரு கையிலும் வரப்போகும் அங்கத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் அங்கம் எப்படி முடிகிறது? கிளேர்ஷன் வீட்டில், அவளை ஒருதலையாகக் காதலிக்கும் பிராக்கன்பர்க்கின் தனிமொழி. விஷத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறான். இரண்டாம் அங்கம் பிரஸ்ஸல்ஸ் சதுக்கம், குடிமக்களின் கலவரப் பேச்சு. முதல் இடையிசையின் ஆண்டாந்தே அவனுடையது, அலெக்ரோ சதுக்கத்தினுடையது. மூன்றாவதும் அப்படித்தான். கிளேர்ஷனின் காதல் பாட்டு ஓபோவில் நினைவாக எழுந்து, அதன்மேல் ஸ்பானியத் தளபதி ஆல்பாவின் படை அணிவகுத்து நுழைகிறது. நான்காம் அங்கம் திறக்கும்போது தெருவில் ஜனங்கள் வாய் திறக்கப் பயந்து நிற்கிறார்கள். ஏன் பயம் என்று வசனம் சொல்வதற்கு முன்பே இசை சொல்லிவிட்டது.

ஆகவே திரை விழுந்ததும் விளக்கைப் போட்டுக் கைதட்டலுக்கு இடம் கொடுத்து, பிறகு ‘இப்போது இடையிசை’ என்று தொடங்கினால் முதல் பாதி அர்த்தமிழந்துவிடும். கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லிலிருந்து இரண்டு மூன்று நொடிக்குள் முதல் சுரம் வர வேண்டும். இரண்டாம் பாதியில் பார்வையாளர் விளக்கு மெல்ல அணையலாம், நடுவில் ஏறக் கூடாது.

செட் மாற்ற நேரமும் இதுதான். முதல் இடையிசை மூன்றரை நிமிடம், லார்கெட்டோ ஐந்தை ஒட்டி, மற்ற இரண்டும் நான்கு நான்கு. கிளேர்ஷன் வீட்டைத் தூக்கிவிட்டுச் சதுக்கம் வைக்க மூன்றரை நிமிடம். அதற்குள் முடியாத செட்டை வடிவமைப்பாளர் கொண்டுவந்தால் காகிதத்திலேயே திருப்பி அனுப்புங்கள். பியானிஸிமோ நடுவில் பலகை உருட்டும் சத்தம் கேட்டால் அந்த இரவு போச்சு. சக்கரத்துக்கு ரப்பர், ஆட்களுக்கு மென்காலணி.

மேசைவயலின்

எல்லாம் சரி, இடைவேளை எங்கே விடுவது? வெட்டாமல் ஆடினால் மூன்று மணி நேரம் ஓடும் நாடகம். இடையிசையைப் பிளக்கக் கூடாது என்றால் ஜனங்கள் எப்போது எழுந்து போவார்கள்?

திரைமறைவு

இரண்டாம் இடையிசைக்குப் பிறகு. நான்கில் ஒரே வேகத்தில், ஒரே மனநிலையில் போவது அது ஒன்றுதான். ஈ-ஃப்ளாட் மேஜர் லார்கெட்டோ. அதற்கு முன்னால் நடந்தது எக்மொன்ட்டும் ஆரஞ்ச் வில்லியமும் பேசும் காட்சி. ஆல்பா வருகிறான், ஓடிவிடு என்கிறார் வில்லியம், எக்மொன்ட் கேட்கவில்லை. அந்த எச்சரிக்கை இசைக்குள் டிம்பனியாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இதைத் திரை மூடிய பிறகு முழுதாக வாசித்து முடித்துவிட்டு விளக்கு ஏற்றினால் இழப்பு குறைவு. மூன்றாம் அங்கம் அரசப் பிரதிநிதி மார்கரெட்டின் அறையில் வறண்ட அரசியல் பேச்சோடு தொடங்குகிறது. இசையில்லாமல் திரை தூக்கலாம்.

மேசைவயலின்

எனக்கு ஒப்பவில்லை. ஐந்து நிமிடம் மெதுவான இசை, மூடிய திரை, இடைவேளை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்கும். திரை மூடாமல் எக்மொன்ட்டை மேடையில் தனியே நிறுத்தி வாசிக்கலாமே?

திரைமறைவு

செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். நடிகர் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பலர் மூன்றாவது நிமிடத்தில் கடிதம் கிழிக்கவோ கோப்பை எடுக்கவோ தொடங்கிவிடுவார்கள். உடனே எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், டிம்பனி போய்விடும்.

செல்லோ_கீழ்த்தந்தி

ஓவர்ச்சரில் வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்.

தொடக்கம் 3/2, சோஸ்டெனூட்டோ மா நான் டிராப்போ (இழுத்து, ஆனால் அளவுக்கு மீறாமல்), 24 பார் (தாளக் கட்டம்). கடைசி இரண்டு சொல்லை யாரும் படிப்பதில்லை. மொத்தம் 72 அரைச்சுரம் (ஹாஃப் நோட்). அரைச்சுரத்துக்கு நிமிடத்துக்கு 40 என்று போனால், நிறுத்தங்களைச் சேர்க்காமல், 1 நிமிடம் 48 நொடி. 32க்கு இறக்கினால் 2:15. நடத்துநர் ஆறாக அடிக்க ஆரம்பித்த உடனே 32க்குக் கீழே போய்விடும். தந்திகளின் அந்தக் கனமான கார்டுகளுக்குள் (கூட்டுச்சுரங்களுக்குள்) சரபாந்த் என்ற ஸ்பானிய நடனத்தின் நடை இருக்கிறது. ஆறாகப் பிரித்தால் நடை போய்ச் சுமை மட்டும் மிஞ்சும். மூன்றாகவே அடியுங்கள், வுட்விண்ட் (புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன்) தனியாகப் பதில் சொல்லும் இடங்களில் வேண்டுமானால் உட்பிரிவு காட்டுங்கள்.

முதல் பாரின் எஃப், ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஒரே சுரம். ஆக்டேவ் சுருதிக்குக் கீழிருந்து மேலாகச் சேருங்கள்: முதலில் பாஸ், செல்லோ, பாசூன்; அதன்மேல் ஹார்ன்; கடைசியில் மேல் வாத்தியங்கள். மேலிருந்து தொடங்கினால் புல்லாங்குழலும் முதல் வயலினும் ஆளுக்கொரு எஃப் வைத்திருப்பார்கள்.

25ஆம் பாரில் அலெக்ரோ 3/4. தலைப்பு செல்லோவில் மேலிருந்து சரிந்து இறங்குகிறது. இதை ஒன்றாக அடிக்க வேண்டும், மூன்றாக அடித்தால் ஒவ்வொரு பாருக்கும் ஒரு முட்டு விழும். பார் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 56 என்று வைத்தால் 286 வரை 4:41. 287ஆம் பாரில் 4/4 அலெக்ரோ கான் பிரியோ, 347இல் முடிவு. 61 பார், கால்சுரம் 152 என்றால் 1:36. கூட்டினால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். உங்கள் கணக்கு ஒன்பதரை என்று வந்தால் முன்னுரையை இழுத்திருக்கிறீர்கள்.

287க்கு முன்னால்தான் உயிர்நிலை. கிளாரினெட், பாசூன், ஹார்ன் சேர்ந்து சரபாந்தைக் கோபமாக அடிக்கிறார்கள், வயலின் கெஞ்சுகிறது, பிறகு வயலின் மட்டும் சி-யிலிருந்து ஜி-க்கு ஒரு விழுகை. மௌனம். அப்புறம் எட்டு பார் வுட்விண்ட், மிக மெல்ல. அந்த ஜி-யை இழுக்காதீர்கள். வில்லை எடுத்துவிட வேண்டும், அதிர்வுக்காகக்கூட மிச்சம் வைக்கக் கூடாது.

ஓபோநாணல்

அந்த எட்டு பார்தான் எங்களுக்குப் பரீட்சை. ஆர்கெஸ்ட்ரா முழு வேகத்தில் போய் நின்றிருக்கிறது, உதடு களைத்திருக்கிறது, அதே மூச்சில் பியானிஸிமோ. பயத்தில் ஓபோ சுருதி ஏறும், கிளாரினெட் மெல்லமாகப் போகும்போது அதுவும் ஏறும், பாசூன் இறங்கும். ஒத்திகையில் பாசூனை மட்டும் வாசிக்கச் சொல்லி, அதன்மேல் ஒவ்வொருவராக ஏறுங்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்க வேண்டுமே தவிர, ட்யூனர் முள்ளைப் பார்த்துப் பயனில்லை.

பிக்கோலோவுக்கும் ஒரு எச்சரிக்கை. ஓவர்ச்சர் முழுக்க மடியில் கிடந்த பிக்கோலோவைக் கடைசியில் எடுத்து எல்லாருக்கும் மேலே வாசிக்க வேண்டும். குளிர்ந்த குழாய் சுருதி இறங்கியே வரும். உள்ளங்கையில் வைத்திருங்கள், எடுக்கும் முன் சத்தமில்லாமல் உள்ளே ஊதிச் சூடேற்றுங்கள்.

மேசைவயலின்

சி-ஜி விழுகை எக்மொன்ட்டின் கழுத்தில் விழும் வாள் என்று எழுதாத குறிப்புரை இல்லை. அப்படியே வாசிக்கச் சொல்லி, கோடாரி வெட்டுப் போல வில்லை அடிக்க வைக்கும் நடத்துநர்களும் உண்டு. ஏற்கிறீர்களா?

பழம்பதிப்பு

ஓரளவுக்கு. பீத்தோவனின் வரைவுத் தாள்களில், மரணத்தை ஒரு மௌனத்தால் காட்டலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் சாவு விழுகையில் இல்லை, அதற்கடுத்த வெற்றிடத்தில் இருக்கிறது. ஆகவே வில்லடியைப் பெரிதாக்குவதைவிட மௌனத்தைச் சரியாகக் காப்பது முக்கியம். நடத்துநர் கையை இறக்கக் கூடாது, வியர்வை துடைக்கக் கூடாது.

வரலாற்றிலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உண்மையான எக்மொன்ட் பிரபு லமோரால், 1568 ஜூன் 5 அன்று பிரஸ்ஸல்ஸின் பெரிய சதுக்கத்தில் ஹோர்ன் பிரபுவோடு சேர்த்துத் தலை வெட்டப்பட்டவர். ஆனால் கதே அந்த வெட்டை மேடையில் காட்டவில்லை. எக்மொன்ட் காவலர்களை நோக்கி நடக்கும்போதே திரை விழுகிறது. நாடகத்தில் இல்லாத சாவை ஓவர்ச்சர் மட்டும்தான் கடந்து போகிறது.

இன்னொரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவர்ச்சர்தான் கடைசியில் எழுதப்பட்டது. வியன்னாவை 1809 மே மாதம் நெப்போலியனின் படை பிடித்தது; அது வெளியேறியபோது நவம்பர். அந்த இலையுதிர்காலத்தில் அரசவைத் தியேட்டர் நிர்வாகி ஹார்ட்ல் கேட்டு, பீத்தோவன் எழுதத் தொடங்கினார். 1810 மே 24 அன்று புர்க் தியேட்டரில் நாடகம் அரங்கேறியபோது இசை தயாராகவில்லை. முதல் மூன்று நிகழ்ச்சிகள் அதில்லாமலே நடந்தன. ஜூன் 15 அன்று நான்காம் நிகழ்ச்சியில்தான் இசை முதன்முதலாக ஒலித்தது. தியேட்டரிடம் ஒரு காசும் வாங்கவில்லை, கவிஞர்மேல் உள்ள அன்பினால் செய்தேன் என்று பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறார்.

ஆக, ஓவர்ச்சரின் கடைசி 61 பாரும் நாடக முடிவின் வெற்றி சிம்பொனியும் ஒன்றேதான் என்பதை ‘ஓவர்ச்சரை எடுத்துக் கடைசியில் மறுபடி போட்டார்’ என்று சொல்வது தலைகீழ். முடிவுக்காகச் செய்ததுதான் முன்னால் வந்து உட்கார்ந்தது.

அரங்கவாசி

கிளேர்ஷனுக்கு நடிகையா, பாடகியா?

திரைமறைவு

நடிகை. 1810இல் பாடியது அன்டோனி அடம்பெர்கர், புர்க் தியேட்டர் நடிகைதான். இரண்டே பாட்டு, ஆனால் ஐந்தாம் அங்கத்தில் மாலை மங்கும் தெருவில் ஜனங்களை எழுப்பப் போராடும் காட்சியும், பிறகு விஷம் குடிக்கும் காட்சியும் அவளுடையவை. ஓபரா குரலுக்காக ஒருவரை எடுத்தால் அந்த இரண்டு காட்சியும் தரைமட்டம்.

முதல் பாட்டில் பலரும் மறக்கும் ஒன்று: மூலத்தில் அது வேலைப்பாட்டு. பிராக்கன்பர்க் கையில் நூல்கண்டைப் பிடித்திருக்கிறான், அவள் சுற்றுகிறாள். கதேயின் குறிப்புப்படி அவனும் சேர்ந்து பாடி, நடுவில் குரல் தடைபட்டு, நூலை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். அவள் தனியே பாடி முடிப்பாள். பீத்தோவன் எழுதியது ஒரே குரலுக்கு. எனவே நூல் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதை நீங்கள் ஸ்கோரில் குறித்து ஒத்திகை பார்க்க வேண்டும். பாட்டோ போர்முரசும் பிக்கோலோவுமாகத் துள்ளுகிறது. நூல் சுற்றும் வேகத்தைத் தாளத்தோடு ஒட்ட வைக்காதீர்கள், கேலிக்கூத்தாகிவிடும்.

குரல் சின்னதென்றால் தந்தியைப் பாட்டுக்கு மட்டும் 4-4-2-2-1 ஆக்குங்கள். சுருதி இறக்குவது கடைசி வழி. எல்லாப் பார்ட்டையும் மாற்றி எழுத வேண்டும். எழுதினாலும், ‘ஃப்ராய்ட்ஃபோல்’ ஏ மேஜரில் இருப்பதை இறக்கினால் மூன்றாம் இடையிசை அதை ஓபோவில் நினைவூட்டும்போது இரண்டும் ஒட்டாது.

ஒளிப்பலகை

கிளேர்ஷனின் மரணம். லைட்டிங்காரர்களுக்கு இதுதான் முதன்மையான க்யூ. கதே எழுதியிருப்பது இது: அவள் விஷம் குடித்துப் போய்விட்டாள், பிராக்கன்பர்க்கும் வெளியேறுகிறான், மேடையில் ஆள் யாரும் இல்லை. அவள் சாவைக் குறிக்கும் இசை தொடங்குகிறது. அவன் அணைக்க மறந்த விளக்கு சில தடவை சுடர்விட்டு எழுந்து, பிறகு அணைகிறது. அடுத்த காட்சி சிறை.

டி மைனர் லார்கெட்டோ, மூன்று நிமிடத்துக்கு முன்பின். இந்த மூன்று நிமிடமும் ஜனங்கள் பார்ப்பதற்கு ஒரு விளக்குதான் இருக்கிறது. எல்இடி சுடர் வைத்தால் அதன் இறங்கும் வளைவைக் கவனியுங்கள்: பல எல்இடிகள் கடைசிப் பத்து சதவீதத்தில் படிப்படியாகக் குதித்து இறங்கும். 16 பிட் டிம்மர், அல்லது குறைந்த வோல்ட் டங்ஸ்டன் குமிழ். நிஜத் தீ வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் ஒவ்வொரு இரவும் ஒரே பாரில் அணையாது.

மூன்று எழுச்சி போதும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக. நொடிக் கணக்கில் நிரல் போடக் கூடாது. நடத்துநர் இன்று ஐந்து நொடி இழுப்பார். ஸ்கோர் படிக்கத் தெரிந்த ஒருவர் பார் எண்ணைப் பார்த்துக் கையால் ‘கோ’ சொல்ல வேண்டும். அவருக்கு நடத்துநரைக் காட்டும் கேமரா மானிட்டர் வேண்டும், பிட் (ஆர்கெஸ்ட்ரா உட்காரும் குழி) இருட்டாகவே இருக்கும் என்பதால் அகச்சிவப்புக் கேமராவாக இருப்பது நல்லது.

மேசைவயலின்

விளக்கு கடைசிச் சுரத்தோடு அணைய வேண்டுமா, அதற்கு முன்னாலா?

ஒளிப்பலகை

முன்னால். ஏழெட்டு பார் முன்னால். இருட்டிலும் இசை போக வேண்டும். அந்த இருட்டில்தான் செட் சிறையாக மாறுகிறது. கடைசிச் சுரத்தோடு அணைத்தால் இயந்திரம் மாதிரி இருக்கும், செட் மாற்றத்துக்கு மௌனத்தில் நேரம் தேட வேண்டியும் வரும்.

டிம்பனி_எஃப்_சி

இதற்கப்புறம் பிட்டில் யாரும் யோசிக்காத தொல்லை ஒன்று இருக்கிறது. மரணத்துக்கும் மெலோடிராமாவுக்கும் நடுவில் சிறைக் காட்சி நீளமானது: தீர்ப்பு வாசிப்பு, ஆல்பாவின் மகன் ஃபெர்டினாண்டோடு நடக்கும் முழு உரையாடல். அந்த நேரம் முழுக்க வாத்தியங்கள் குளிரும், ஏசி இருந்தால் இன்னும் மோசம். சுருதி சேர்க்கவும் வழியில்லை; மேடையில் ஒருவன் நாளைக்குச் சாகப் போகிறான், கீழே ‘ஏ’ கேட்கக் கூடாது. காற்று வாத்தியக்காரர்கள் ஐந்து நிமிடம் முன்னால் ஒலியெழாமல் மூச்சை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். தந்திக்காரர்கள் விரலால் சுண்டிக் காதோடு பார்த்துக்கொள்ளலாம்.

டிம்பனி ஓவர்ச்சரில் எஃப், சி. அதன்பின் ஏ மேஜர், ஈ-ஃப்ளாட், சி, டி மைனர் என்று இடம் மாறிக்கொண்டே போய், வெற்றி சிம்பொனிக்கு எஃப், சி-க்குத் திரும்பியிருக்க வேண்டும். கையால் திருகும் பழைய வகை டிரம் வைத்திருந்தால் எஃப், சி-க்கென்று ஒரு ஜோடியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பெடல் டிரம் என்றால் தோலை நகத்தால் மெல்லத் தட்டி, காதைத் தோலுக்கு அருகே வைத்துத் திருத்த வேண்டும். அளவுமுள்ளை மட்டும் நம்பாதீர்கள், பிட்டின் ஈரத்தில் அது பொய் சொல்லும்.

நாலாம்ஹார்ன்

இப்போது முடிவு. எக்மொன்ட் "இனிய உறக்கமே" என்று தொடங்கிப் பேசுகிறான், இசை அந்தப் பேச்சுக்கு இடையிடையே வருகிறது. தூங்கிவிடுகிறான். சுவர் திறந்து விடுதலைத் தேவதை தோன்றுகிறாள், முகம் கிளேர்ஷனுடையது. உன் சாவால் நாட்டுக்கு விடுதலை கிடைக்கும் என்று சைகையில் உணர்த்தி, அவனை வென்றவனாக ஏற்று, கிரீடமாக லாரல் மாலையை நீட்டுகிறாள். தூரத்தில் படைமுரசும் குழலும். முதல் ஒலியிலேயே அவள் மறைகிறாள். சைகை ஒவ்வொன்றுக்கும் இசையில் இடமிருக்கிறது.

நடிகர் பேச்சை ஒவ்வொரு இரவும் வேறு வேகத்தில் பேசுவார், ஆகவே நடத்துநர்தான் பின்தொடர வேண்டும், மறுபுறமாக அல்ல. ஸ்கோரில் கார்டுக்கு மேலே சொல்லை எழுதாதீர்கள். கார்டுக்கு முந்தைய அசையை எழுதுங்கள். சொல் காதில் விழுந்த பிறகு கையைத் தூக்கினால் கார்டு அரை நொடி பிந்தும். சின்ன அரங்கில்கூட நடிகருக்குத் தலையில் மாட்டும் மைக் போட வேண்டியிருக்கும். மைக் இல்லாமல் அவர் கத்தினால் அது தூங்கப்போகிறவனின் குரலாக இருக்காது.

மேசைவயலின்

தேவதைக் காட்சியை இன்று எப்படிக் காட்டினாலும் சிரிப்பு வரும். கவிஞர் ஷில்லரே 1788இல் எழுதிய மதிப்புரையில் இதை ஓபரா உலகத்துக்குள் ஒரு குட்டிக்கரணம் என்று கடிந்தார். 1796இல் வைமாருக்காக அவர் நாடகத்தைத் திருத்தியபோது அதை வெட்டியே விட்டார். நாமும் வெட்டினால் என்ன?

பழம்பதிப்பு

ஷில்லர் வெட்டியபோது பீத்தோவன் இசை இல்லை. இப்போது வெட்டினால் மெலோடிராமாவின் பின்பாதி எதற்காக ஒலிக்கிறது என்று யாருக்கும் புரியாது. வெற்றி சிம்பொனிக்கும் காரணம் போய்விடும்: தோற்றவன் ஒருவன் சாகப் போகும்போது எஃப் மேஜரில் எதற்குக் கொண்டாட்டம்? அந்தக் கனவுதான் பதில். சிறகும் மேகமும் வேண்டாம் என்றால் சரி. கிளேர்ஷன் அதே வீட்டு உடையில், ஒளிக்குள் வந்து நின்றாலே போதும்.

மேடையே வேண்டாம், கச்சேரியாகப் போதும் என்றால் அதற்குப் பழைய வழி இருக்கிறது. இணைப்புரையை மோசங்கைல் 1821இல் எழுதினார், கிரில்பார்ட்சர் 1834இல் அதைத் திருத்தினார். ஒரு கதைசொல்லி, ஒரு சொப்ரானோ, ஆர்கெஸ்ட்ரா. ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் விளக்கு அணையாது, நூல் விழாது. எனக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

அரங்கவாசி

நாற்பது பேர் கட்டாது என்றால்? பீசே ‘லார்லெசியென்’ நாடகத்துக்கு 26 பேரை வைத்துத்தானே எழுதினார்?

நாலாம்ஹார்ன்

ஆமாம், 1872, பாரிஸ் வோட்வில் தியேட்டர். ஆனால் அவர் அந்த 26 பேருக்காகவே எழுதினார், சாக்ஸபோன்வரை கணக்குப் பார்த்து. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதைப் பிற்பாடு சுருக்குவது வேறு வேலை. எக்மொன்ட்டில் ஆள் குறைத்தே ஆக வேண்டுமானால் தந்தியில் 6-5-3-3-2 வரை போங்கள், ஹார்ன்களைப் பின்சுவரிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். சுவரை ஒட்டினால் ஹார்னின் விரிந்த வாய் பின்னால் பார்த்திருப்பதால் ஒலி இரட்டிப்பாகத் திரும்பும். ஓவர்ச்சருக்கும் வெற்றி சிம்பொனிக்கும் நான்கு ஹார்னில் சமரசம் கிடையாது.

திரைமறைவு

வெற்றி சிம்பொனிக்கு ஒரு குறிப்பு விட்டுப்போனது. "உங்களுக்கு அருமையானதைக் காக்க, நான் காட்டுவது போல மகிழ்ந்து வீழுங்கள்" என்று எக்மொன்ட் முடிக்கிறான், மேடை முரசு, அவன் காவலர்களை நோக்கி நடக்கிறான், திரை, இசை. சிக்கல், இந்த இசை மெல்லத் தொடங்கி ஏறுகிறது. மேடை முரசு அடங்காமல் இருந்தாலோ, திரை சட்டென்று விழுந்து கைதட்டல் வெடித்தாலோ முதல் ஏழெட்டு பார் யாருக்கும் கேட்காது. திடீரென்று நடுவிலிருந்து ஃபோர்ட்டிஸிமோ மட்டும் வரும்.

முரசடிப்பவருக்குக் கடைசி வசனத்தின் முற்றுப்புள்ளியில் தொடங்கி நான்கே எண்ணிக்கை கொடுங்கள், பிறகு கையால் தோலை அழுத்தி நிறுத்தச் சொல்லுங்கள். திரையை இசையின் முதல் சுரத்தில் அவிழ்த்து, ஃபோர்ட்டிஸிமோ வரும் பாரில் தரை தொடும்படி விடுங்கள். மோட்டார் திரை என்றால் அதன் மிகக் குறைந்த வேகம் எத்தனை நொடி என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். சில அரங்குகளில் பன்னிரண்டு நொடிக்கு மேல் இழுக்க முடியாது. அங்கே திரையைப் பாதியில் ஒருமுறை நிறுத்தி மறுபடி விட வேண்டியிருக்கும்.

டிம்பனி_எஃப்_சி

அந்த நான்கு எண்ணிக்கையை மேடை முரசுக்காரர் யாரைப் பார்த்து எண்ணுவார்? பக்கத்திரைக்குப் பின்னால் அவருக்கும் ஒரு மானிட்டர் வையுங்கள். காதில் ஹெட்செட் மட்டும் கொடுத்தால் தன் முரசுச் சத்தத்திலேயே ‘நிறுத்து’ கேட்காது.